நிகழ்தகவில் சூத்திரத்துக்கு முன்னால் இருக்கும் வேலை

உங்கள் கேள்வியில் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு நிகழ்தகவுச் சூத்திரம் மனப்பாடமாகத் தெரிகிறது, ஆனால் கணக்கைப் பார்த்ததும் எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்று கை நின்றுவிடுகிறது என்கிறீர்கள். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என்று மூன்று விதமாகத்தானே விழ முடியும், புத்தகம் ஏன் 4 என்கிறது என்று கேட்கிறீர்கள். கடைசியாக, தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்துவிட்டால் ஆறாவது முறை பூ விழத்தானே வாய்ப்பு அதிகம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தபோது, நீங்கள் கேட்பது உண்மையில் ஒரே கேள்விதான் என்று எனக்குப் பட்டது. எதை எண்ண வேண்டும், எப்படி எண்ண வேண்டும் என்பதுதான் அது.

நான் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை 26 ஆண்டுகள் கணிதம் நடத்தியவன். இந்தப் பாடத்தில் மதிப்பெண் இழந்த விடைத்தாள்களைத் திருத்தும்போது திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சூத்திரத்தைத் தவறாக எழுதியவர்கள் மிகக் குறைவு. தவறு அதற்கு இரண்டு வரி முன்னாலேயே, கூறுவெளியை, அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலை எழுதும் இடத்திலேயே நடந்திருக்கும். அங்கே ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டு புள்ளிகள் ஒன்றாக ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகு செய்யும் வகுத்தல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை.

சூத்திரம் சொல்வது எளிது. நமக்கு வேண்டிய விளைவுகள் எத்தனை என்று எண்ணி, மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புத்தகத்தில் அது ஒரே வரியில் வந்துபோகும், நாமும் வேகமாகத் தாண்டிவிடுவோம். எண்ணப்படும் விளைவுகள் எல்லாம் சம வாய்ப்புள்ளவையாக இருக்க வேண்டும் என்பதே அந்த வரி. வகுப்பில் இதைச் சொல்ல நான் யானையைத்தான் கூப்பிடுவேன். நாளை நம் வகுப்புக்குள் யானை வரலாம், வராமலும் இருக்கலாம். விளைவுகள் இரண்டு, வேண்டிய விளைவு ஒன்று, ஆகவே யானை வர நிகழ்தகவு 1/2 என்று யாராவது எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா? எண்ணிக்கையில் பிழையே இல்லை. எண்ணிய இரண்டும் சமமானவை அல்ல, அவ்வளவுதான். உங்கள் 'மூன்று விதம்' என்ற கணக்கிலும் இதே யானை இருக்கிறது.

ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தலையாக விழ ஒரே ஒரு வழிதான்: ஒரு ரூபாயும் தலை, ஐந்து ரூபாயும் தலை. இரண்டும் பூவாக விழவும் ஒரே வழிதான். ஆனால் 'ஒன்று தலை ஒன்று பூ' என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு ரூபாய் தலையாகவும் ஐந்து ரூபாய் பூவாகவும் விழலாம், அல்லது மாற்றி விழலாம். நீங்கள் இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டீர்கள். பெட்டிகள் மூன்றுதான், நான் மறுக்கவில்லை, ஆனால் இந்தப் பெட்டி மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு கனம். இரண்டு நாணயங்களும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தாலும் இதில் மாற்றமில்லை. நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாததால் நாணயங்கள் விழும் விதம் மாறிவிடாது. சந்தேகம் இருந்தால் இரண்டு நாணயங்களை 100 முறை சுண்டிக் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். நான் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பைப் பிரித்துச் செய்ய வைப்பேன். மற்ற இரண்டு பத்திகளும் சேர்ந்த அளவுக்கு 'ஒன்று தலை ஒன்று பூ' பத்தி நிரம்பிக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை யாரும் மறுபடி கேட்டதில்லை.

இந்தத் தவறைச் செய்ததற்காக நீங்கள் வருந்த வேண்டாம். பிரான்சின் மிகப் பெரிய கணித அறிஞர்களில் ஒருவரான டாலம்பேர், தாமே பதிப்பாசிரியர்களில் ஒருவராக இருந்த புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754 இல் இதே இடத்தில் இடறினார். இரண்டு சுண்டல்களில் ஒருமுறையாவது தலை விழ நிகழ்தகவு என்ன என்பது கேள்வி. முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூவுக்குப் பின் தலை, பூவுக்குப் பின் பூ. ஆக மூன்று நிலைகள், அவற்றில் இரண்டு நமக்குச் சாதகம், விடை 2/3 என்று வாதிட்டார். சரியான விடை 3/4. முதல் சுண்டலிலேயே தலை விழுவது பாதி வாய்ப்பு உள்ளது, மற்ற இரண்டும் கால் கால். அவர் மூன்றையும் சமமாக எண்ணினார்.

நம் வீட்டுத் தாயக்கட்டையை வைத்தே இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். நீளமான இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள்: ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். எங்கள் வீட்டில் இரண்டையும் உருட்டி, புள்ளிகளைக் கூட்டி, மொத்தம் ஒன்று வந்தால் தாயம் என்போம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஆக விழக்கூடியவை தாயம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என ஏழு. அப்படியானால் தாயம் விழ நிகழ்தகவு 1/7 ஆ? இல்லை. முதல் கட்டைக்கு 4 பக்கம், ஒவ்வொன்றோடும் இரண்டாவது கட்டைக்கு 4 பக்கம், மொத்தம் 16 கூறுபுள்ளிகள். தாயம் விழ 2 வழிகள்: முதல் கட்டை ஒன்று, அடுத்தது வெறுமை, அல்லது மாற்றி. இரண்டு விழ 3 வழிகள், மூன்று விழ 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, பன்னிரண்டுக்கு 1. கூட்டிப் பாருங்கள், 16 வரும். ஆகவே தாயம் 2/16, அதாவது 1/8. மூன்று 4/16, அதாவது 1/4. தாயம் போடாமல் காய் இறக்க முடியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த நினைவு உங்களுக்கும் இருந்தால், காரணம் இந்த 1/8 தான். 16 புள்ளிகளையும் ஒருமுறை உங்கள் கையால் நான்குக்கு நான்கு கட்டமாக எழுதிப் பாருங்கள். புத்தகத்தில் வரும் இரண்டு பகடைக் கணக்குகள் எல்லாம் இதே கட்டம்தான், ஆறுக்கு ஆறாக, 36 புள்ளிகளோடு.

மூன்று பகடைகளில் இதே விஷயம் கலிலியோவிடமே கேள்வியாக வந்திருக்கிறது. மூன்று பகடைகளின் கூடுதல் 9 வர ஆறு சேர்க்கைகள், 10 வரவும் ஆறு சேர்க்கைகள், ஆனால் ஆடுகிறவர்களின் அனுபவத்தில் 10 சற்று அதிகமாக விழுகிறதே, ஏன்? கலிலியோ வரிசையையும் கணக்கில் எடுத்து எண்ணிக் காட்டினார். மொத்தம் 216 வழிகளில் 9 வருவது 25, 10 வருவது 27. மூன்று, மூன்று, மூன்று என்று விழ ஒரு வழிதான். ஒன்று, இரண்டு, ஆறு என்று விழ ஆறு வழிகள். சேர்க்கைகளை எண்ணாமல் வழிகளை எண்ண வேண்டும். இதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கே ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தாயக்கட்டை இல்லாத வீடுகளில் சோழியை உருட்டுவார்கள், அல்லது புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு சோழி வாய் மேலாக விழ நிகழ்தகவு என்ன? விளைவுகள் இரண்டு, ஆகவே 1/2 என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. சோழியின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிந்தது. இரண்டும் சமம் என்று எண்ணக் காரணமே கிடையாது. சூத்திரம் இங்கே வாயை மூடிக்கொள்கிறது. அந்தச் சோழியையே பலமுறை உருட்டி, வாய் மேலாக விழுந்த எண்ணிக்கையை மொத்த முறைகளால் வகுத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. ஒன்பதாம் வகுப்பில் பட்டறி நிகழ்தகவு என்று படித்தீர்களே, அதுதான் இது. அதுவும் ஒரு மதிப்பீடுதான். இன்னும் அதிகமாக உருட்டினால் கொஞ்சம் நகரும். என் வீட்டுச் சோழிக்கு வரும் எண் உங்கள் வீட்டுச் சோழிக்கு வர வேண்டும் என்பதும் இல்லை.

அப்படியானால் நாணயத்துக்கு மட்டும் 1/2 என்று எப்படித் தைரியமாகச் சொல்கிறோம்? இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் நாம் வைத்துக்கொள்ளும் அனுமானம் அது. கணக்கில் 'சீரான நாணயம்' என்று எழுதியிருப்பது இந்த அனுமானத்தைச் சொல்லத்தான், அலங்காரத்துக்கு அல்ல. இதைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய கணிதப் பேராசிரியர் ஜான் கெரிச் 1940 இல் டென்மார்க் போயிருந்தபோது ஜெர்மானியப் படை அந்த நாட்டைப் பிடித்தது. முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் அவர் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிப் பதிவு செய்தார். தலை 5,067 முறை. அனுமானம் நன்றாகவே நிற்கிறது. ஆனால் முழுக்கத் துல்லியமா என்றால் அதுவும் இல்லை. 2023 இல் 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை சுண்டிப் பார்த்த ஆய்வில், கையில் வைத்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் 50.8 சதவீதம் விழுந்தது. தேர்வில் நீங்கள் 1/2 என்றே எழுதுங்கள். அது கணக்கு கொடுத்த நிபந்தனை. ஆனால் உலகத்தைப் பற்றிய உண்மை வேறு, கணக்கின் நிபந்தனை வேறு என்பது உங்கள் மனதில் இருக்கட்டும்.

சரி, கூட்டலுக்கு வருவோம். ஒரே சோதனையில் 'இது அல்லது அது' நடக்க வேண்டும் என்றால் கூட்டுகிறோம். ஏன் என்றால் நமக்கு வேண்டிய புள்ளிகளின் பட்டியல் நீள்கிறது. ஆனால் ஒரே புள்ளி இரண்டு பட்டியலிலும் இருந்தால் அதை இருமுறை எண்ணிவிடுவோம், ஆகவே ஒருமுறை கழிக்க வேண்டும். ஒரு பகடையில் இரட்டை எண் அல்லது பகா எண் விழ நிகழ்தகவு என்ன? இரட்டை எண்கள் 2, 4, 6. பகா எண்கள் 2, 3, 5. வெறுமனே கூட்டினால் 3/6 + 3/6 = 1. அதாவது உறுதி நிகழ்ச்சி! ஆனால் பகடையில் 1 என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அது இரட்டையும் இல்லை, பகாவும் இல்லை. தவறு எங்கே என்று உங்களுக்கே தெரிகிறது: 2 இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. 1/6 ஐக் கழித்தால் 5/6. கழிக்க எதுவும் இல்லாத, அதாவது பொதுப் புள்ளியே இல்லாத நிகழ்ச்சிகளைத்தான் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்கிறோம். அதற்குத் தனிச் சூத்திரம் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை, கழிப்பது பூச்சியம், அவ்வளவுதான்.

பெருக்கல் வருவது அடுத்தடுத்து இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும் என்னும்போது. ஒரு பையில் ஒரே மாதிரித் தாளில் சுற்றிய 5 மிட்டாய்கள் இருக்கின்றன; 3 கடலை மிட்டாய், 2 எள்ளு மிட்டாய். பார்க்காமல் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்றை எடுக்கிறீர்கள். இரண்டும் கடலை மிட்டாயாக இருக்க நிகழ்தகவு? இப்படி 100 பேர் எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 60 பேருக்கு முதலில் கடலை வரும். அவர்கள் பையில் இப்போது 2 கடலை, 2 எள்ளு. ஆகவே அந்த 60 பேரில் பாதி, 30 பேருக்கு மறுபடி கடலை வரும். பங்கில் பங்கு என்றால் பெருக்கல், பாதியில் பாதி கால் என்று சின்ன வயதிலேயே படித்ததுதான். 3/5 × 2/4 = 3/10. இரண்டாவது பின்னத்தில் 3/5 என்றே மறுபடி எழுதுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. சாப்பிட்ட மிட்டாய் பைக்குத் திரும்பி வராது. வினாவில் 'மீண்டும் வைக்கப்படுகிறது' என்று இருக்கிறதா, 'திரும்ப வைக்காமல்' என்று இருக்கிறதா என்று அடிக்கோடு போட்டுப் பாருங்கள். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தால் 9/25, வைக்காவிட்டால் 3/10.

அதே பையில் ஒன்று கடலை, ஒன்று எள்ளு வர என்ன நிகழ்தகவு? இதில் இரண்டு வேலையும் வருகிறது. கடலை முதலில், எள்ளு பிறகு என்பது 3/5 × 2/4 = 6/20. எள்ளு முதலில், கடலை பிறகு என்பது 2/5 × 3/4 = 6/20. இரண்டு பாதைகளில் எதில் போனாலும் நமக்குச் சரி, ஆகவே கூட்டுகிறோம்: 12/20, அதாவது 3/5. ஒவ்வொரு எடுப்பின் விளைவுகளையும் கிளைகளாக வரையும் மரவரைபடம் போட்டுக்கொண்டால் இந்தக் குழப்பம் வரவே வராது. ஒரு கிளை வழியே மேலே போகும்போது பெருக்குங்கள். வெவ்வேறு கிளைகளின் நுனிகளைச் சேர்க்கும்போது கூட்டுங்கள். எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்ற உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் மிக நேரான பதில் இதுதான். எல்லா நுனிகளையும் கூட்டி 1 வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இங்கே 3/10, 6/10, இரண்டும் எள்ளு என்பதற்கு 1/10, மொத்தம் 1. வரவில்லை என்றால் ஒரு கிளை விட்டுப்போயிருக்கிறது.

அப்புறம், சார்பிலா நிகழ்ச்சிகள் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று நடந்தது மற்றதன் நிகழ்தகவை மாற்றவில்லை என்றால் மட்டுமே இரண்டாவது பின்னத்தை மாற்றாமல் பெருக்கலாம். இதை 'ஒன்றையொன்று விலக்கும்' என்பதோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள், பெயர்கள் இரண்டும் ஏதோ தொடர்பில்லாததைச் சொல்வது போல ஒலிப்பதால். உண்மையில் இரண்டும் நேர் எதிர். ஒரே நாணயத்தில் தலையும் பூவும் ஒன்றையொன்று விலக்குபவை. தலை விழுந்தது என்று தெரிந்த நொடியில் பூவின் நிகழ்தகவு பூச்சியமாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய சார்பு வேறென்ன இருக்க முடியும்?

சார்பு இருக்கும் இடத்தில் இல்லை என்று நினைத்துப் பெருக்குவது தேர்வில் மதிப்பெண்ணை மட்டும்தான் கெடுக்கும். வெளியே அது மனிதரையே கெடுத்திருக்கிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. 1999 இல் அவர்மேல் நடந்த கொலை வழக்கில், இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க வாய்ப்பு 8,543 இல் ஒன்று, ஆகவே இரண்டு குழந்தைகள் இறக்க 7.3 கோடியில் ஒன்று என்று மருத்துவச் சாட்சி ஒருவர் சொன்னார். 8,543 ஐ அதே எண்ணால் பெருக்கியிருக்கிறார், அவ்வளவுதான். அண்ணன் தம்பிகளுக்கு ஒரே பெற்றோர், ஒரே வீடு, மரபணுக்களிலும் பெரும்பங்கு பொது. ஒரு குழந்தைக்கு நடந்த வீட்டில் அடுத்த குழந்தைக்கு நடக்க வாய்ப்பு அதே அளவாகத்தான் இருக்கும் என்று எப்படிச் சொல்வது? இந்தப் பெருக்கலுக்கு அடிப்படை இல்லை என்று பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழகம் 2001 இல் வெளிப்படையாக அறிக்கை விட்டது. ஆயுள் தண்டனை பெற்ற அந்தத் தாய் 2003 இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். இதை ஒவ்வொரு ஆண்டும் பதினொன்றாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒருமுறையும் லேசான மனதோடு சொன்னதில்லை.

'குறைந்தது ஒன்று', 'ஒருமுறையாவது' என்ற சொற்கள் வினாவில் வந்தால் நிரப்பு நிகழ்ச்சியை, அதாவது கேட்டது நடக்காமல் போவதைத் தேடுங்கள். ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒருமுறையாவது 6 விழ நிகழ்தகவு என்ன? பலர் 1/6 ஐ நான்கு முறை கூட்டி 4/6 என்பார்கள். அதே வழியில் 7 முறை உருட்டினால் 7/6 வரும், நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்பதால் அந்த வழியே தவறு என்று தெரிந்துவிடும். ஒருமுறைகூட 6 விழாமல் இருப்பதைக் கணக்கிடுவது எளிது: 5/6 ஐ நான்கு முறை பெருக்கினால் 625/1296. மீதி 671/1296, கிட்டத்தட்ட 0.518. பாதிக்குச் சற்று மேல். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி ஒருமுறையாவது இரண்டிலும் 6 விழ வேண்டும் என்றால் 0.491, பாதிக்குச் சற்றுக் கீழ். இந்த நூலிழை வித்தியாசம் பிரான்சில் சூதாட்டக்காரர்களை அலைக்கழித்தது. பாதியில் நின்ற ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற இன்னொரு சூதாட்டக் கேள்வியைப் பற்றி 1654 இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் நீங்கள் படிக்கும் இந்தப் பாடம் உருவாகத் தொடங்கியது.

பிறந்தநாள் கணக்கும் இதே வகைதான். 23 பேர் இருக்கும் அறையில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க நிகழ்தகவு பாதியைத் தாண்டிவிடும். 40 பேர் இருக்கும் வகுப்பில் சுமார் 0.89. 'எல்லாருக்கும் வேறு வேறு நாள்' என்பதைக் கணக்கிட்டு ஒன்றிலிருந்து கழித்தால் வரும். இதிலும் 365 நாளும் சமம் என்ற அனுமானம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து வருகைப் பதிவேடுகளில் மே, ஜூன் மாதப் பிறந்தநாள்கள் குவிந்து கிடக்கும். பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வருவதற்காகப் பெற்றோர் சொன்ன தேதிகள் அவை. அப்படி நாள்கள் சமமாக இல்லாதபோது இருவர் ஒத்துப்போக வாய்ப்பு இன்னும் கூடத்தான் செய்யும், குறையாது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. ஐந்து முறை தலை விழுந்தாயிற்று, அடுத்தது? ஆறு சுண்டல்களின் கூறுவெளியில் 64 புள்ளிகள். அவற்றில் முதல் ஐந்தும் தலையாக இருப்பவை எத்தனை? இரண்டே இரண்டுதான். ஒன்று ஆறாவதும் தலை என்று முடியும், மற்றது பூ என்று முடியும். இரண்டும் சம வாய்ப்புள்ளவை. ஆகவே 1/2. ஆறும் தலையாக விழுவது 1/64 என்ற அரிய விஷயம் என்பது உண்மை, ஆனால் ஐந்து தலைக்குப் பின் ஒரு பூ என்ற வரிசையும் அதே 1/64 தான். அரிதான பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு முறையும் பணத்தைக் கொட்டியவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள்.

'நீண்ட காலத்தில் தலையும் பூவும் சமமாகும் என்று புத்தகம் சொல்கிறதே' என்று நீங்கள் கேட்பீர்கள். சமமாவது விகிதம், எண்ணிக்கை அல்ல. கெரிச்சின் பதிவையே பாருங்கள். முதல் 100 சுண்டலில் தலை 44, பூ 56, வித்தியாசம் 12. பத்தாயிரம் முடிந்தபோது தலை 5,067, பூ 4,933, வித்தியாசம் 134. வித்தியாசம் குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. ஆனால் தலையின் விகிதம் 0.44 இலிருந்து 0.5067 க்கு வந்துவிட்டது. பழைய கடனைத் தீர்க்க நாணயம் பூவை அதிகமாகப் போட வேண்டியதில்லை. பின்னால் வரும் ஆயிரக்கணக்கான சுண்டல்களின் நடுவே பழைய வித்தியாசம் கரைந்துபோகிறது. ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்கிறேன். ஐந்துக்குப் பதில் ஐம்பது முறை தொடர்ந்து தலை விழுந்தால், அடுத்தது பூ என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாணயத்தை வாங்கி இரண்டு பக்கமும் தலையா என்று திருப்பிப் பார்ப்பேன். சீரான நாணயம் என்ற அனுமானம்தான் அப்போது சந்தேகத்துக்கு உரியது.

சில வினாக்களில் கணக்குத் தெரிந்தவர்களே இரண்டு விடை சொல்வார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள், அவர்களில் ஒருவராவது பெண். இருவரும் பெண்ணாக இருக்க நிகழ்தகவு என்ன? ஆணும் பெண்ணும் சம வாய்ப்பு என்று கொண்டால், மூத்தவர் இளையவர் வரிசையில் எழுதிய 4 புள்ளிகளில் இருவரும் ஆண் என்பது போய் 3 மிஞ்சும், விடை 1/3. ஆனால் நீங்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது பிள்ளைகளில் யாரோ ஒருவர் தற்செயலாக வந்து திறந்து, அது பெண்ணாக இருந்தால் விடை 1/2. ஒரு ஆண், ஒரு பெண் உள்ள வீட்டில் பாதி முறை ஆண்பிள்ளைதானே கதவைத் திறந்திருப்பான்? தகவல் எப்படிக் கிடைத்தது என்பதை வினா சொல்லாவிட்டால் விடையும் உறுதியாகாது. நாளை மழைக்கு 40 சதவீத வாய்ப்பு என்ற செய்தியும் உங்கள் பாடச் சூத்திரத்துக்குள் அடங்காது. நாளைய தினத்துக்குச் சம வாய்ப்புள்ள கூறுபுள்ளிகள் கிடையாது. பழைய பதிவுகளையும் வளிமண்டலக் கணிப்புகளையும் வைத்துச் சொல்லும் மதிப்பீடு அது.

தேர்வுக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்கிறேன். கூறுவெளியை முழுமையாக எழுதுங்கள், அதன் எண்ணிக்கையை எழுதுங்கள், நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்து அதன் புள்ளிகளை எழுதுங்கள், பிறகு வகுங்கள். படிக்கு மதிப்பெண் உண்டு என்பது ஒரு காரணம். எழுதிய பட்டியலில் பிழை கண்ணுக்குத் தெரியும், மனதில் எண்ணியதில் தெரியாது என்பது எனக்கு முக்கியமான காரணம். இன்று இரவு ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன தாயக்கட்டை இரண்டையும் மூன்று முறை உருட்டுகிறீர்கள், ஒருமுறையாவது தாயம் விழ நிகழ்தகவு என்ன? 3/8 வந்தால் கூட்டக் கூடாத இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள், 'ஒருமுறையாவது' என்ற சொல்லுக்குத் திரும்பிப் போங்கள். 169/512 வந்தால் சரி.